முன்னறைக்கு மாவு கலர்

1957 ஜனவரி 12, சனி

பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் மாட்டுவண்டி. வண்டியில் ஒரு சோபா நாலு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. பொன்மலை ரயில்வே காலனியில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிற ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று சாமான்களை ஏலம் போட்டதாம். தம்பி இன்னாசிராஜும் அவன் மனைவி டோரதியும் காலையில் இஸ்திரிப் பெட்டி வாங்கத்தான் போனார்கள். சோபா வந்துவிட்டது, இஸ்திரிப் பெட்டி வரவில்லை.

அதன் நிறத்தை எப்படிச் சொல்வது? ஊதா என்றால் முழு ஊதா இல்லை. ரோஸ் என்றால் அத்தனை சந்தோஷமும் இல்லை. பல வருஷம் பல பேர் உட்கார்ந்து களைத்துப்போன ஊதா. டோரதி அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "இதுக்குப் பேரு மாவ், அண்ணி. அந்த மிஸ்ஸியம்மா சொன்னாங்க. லண்டன்ல இப்ப எல்லா வீட்லயும் மாவ்தானாம்" என்றாள்.

மாவாம்! இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துச் சோறு தின்கிறவள் நான். பள்ளி அகராதியில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17, வியாழன்

அகராதியில் பார்த்துவிட்டேன். உச்சரிப்பு மாவ் இல்லை. மோவ். அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

கூடத்துச் சுவர் சோபாவோடு ஒத்துப்போகவில்லையாம். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்து ஒரு மாதம் ஆகவில்லை. சுவர் என்ன செய்யும், அது சோபாவுக்கு முன்பே வந்தது. டோரதி கூடத்தின் நாலு மூலையிலும் சோபாவை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கினாள். தம்பி கையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தான். கூடத்தில் வெளிச்சம் போதாது என்று முடிவாயிற்று. வெளிச்சம் எந்த அறையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜனவரி 27, ஞாயிறு

சொல்லிவிட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி எதிரில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது நீங்க" என்றான். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவான். 'நீங்க' வந்தால் ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று அர்த்தம். அவனுடைய ஆபீஸ் மேனேஜர் புதிதாகக் கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார், நம்ம வேதக்காரர்தான். ஏப்ரலில், இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் அவரையும் அவர் மனைவியையும் டீக்கு அழைக்கப் போகிறானாம். ஹெட் கிளார்க் உத்தியோகம் காலியாகிறதாம். அதற்கு டிராயிங் ரூம் வேண்டுமாம். அதற்கு என் முன்னறை வேண்டுமாம். நான் அடுப்படியை ஒட்டின பின்னறைக்குப் போக வேண்டுமாம். அங்கே இப்போது விறகும் அரிசி டின்னும் இருக்கின்றன.

நான் சோற்றைப் பிசைந்தேன். டோரதி ரசம் ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கு எதுக்கு அண்ணி முன்னறை? உங்களைப் பார்க்க யாரு வராங்க?" என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

எனக்கு யாரும் வரலை, வாஸ்தவம். நாப்பது வயசாச்சு. வரவேண்டியவன் வரலை — அதுக்காக ஜன்னலையும் புடுங்கிக்கணுமா? இவ வந்து ஆறு வருஷம் ஆகுது. நான் இந்த வீட்லயே பொறந்தவ. அப்பா சாகுறதுக்கு முன்னால அந்த ஜன்னலோரமா மேஜையைப் போட்டு, "இது உனக்குத்தான், மேரி"ன்னு சொன்னாரே, அது இவங்களுக்கு யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன். கேட்டுப் பிச்சை வாங்க மாட்டேன்.

அழுதேன். பிறகு ரசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 2, சனி

பின்னறைக்கு வந்தாயிற்று. இங்கேயும் ஜன்னல் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிறது. அதில் எதுவும் நடப்பதில்லை.

டியூஷனுக்கு வரும் பெண்களை அடுப்படி வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். வந்தவர்கள் கடுகு தாளிக்கும் புகையில் தும்மிக்கொண்டே இறந்தகாலம் படித்தார்கள்.

துறையூரில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேண்டுமாம், குடியிருக்க வீடும் தருவார்களாம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுச் சொன்னார். பாஸ்கு முடிந்து பதில் சொன்னால் போதுமாம். துறையூரில் எனக்கு யாரையும் தெரியாது. வரகனேரியை விட்டு நான் எங்கேயும் குடியிருந்ததும் இல்லை. ஆனால் அங்கே ஜன்னல் இருக்குமே.

பிப்ரவரி 9, சனி

பெயின்ட் அடிக்க எடமலைப்பட்டி புதூரிலிருந்து வீரமலை வந்தான். வருஷா வருஷம் நமக்கு வெள்ளையடிக்கிறவன். டோரதி அவனை முன்னறை நடுவில் நிறுத்தினாள். சோபா அப்போது கூடத்தில் பழைய போர்வைக்குள் இருந்தது.

"மாவ் கலர் அடிக்கணும்."

"மாவு கலரா?"

"ஆமா. மாவ்."

வீரமலை சுவரைப் பார்த்தான், டோரதியைப் பார்த்தான். "எந்த மாவும்மா? அரிசி மாவா, கேழ்வரகு மாவா?"

டோரதிக்குக் கோபம். "கிண்டலா? மாவ்னா மாவ்தான். இங்கிலீஷ் கலரு. போய் அடிப்பா."

நான் பின்னறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போய் விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்குக் கொடுத்திருக்கிற அறையை விட்டு வெளியே வருவது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, திங்கள்

டோரதி தாய்வீட்டுக்குப் போய்விட்டு இன்று திரும்பினாள். முன்னறை மூன்று சுவரும் கேழ்வரகு மாவு.

வீரமலையைக் குற்றம் சொல்ல முடியாது. "அரிசி மாவுன்னா வெள்ளை. வெள்ளைதான் முன்னாடியே இருக்குதே, அதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிடுவாங்க? அப்ப கேழ்வரகாத்தான் இருக்கணும்" என்றான். இதைவிட ஒழுங்காக யோசிக்கிற மாணவி என் வகுப்பில் இல்லை.

டோரதி அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் கேழ்வரகுச் சுவர்களின் நடுவில் நின்றபோது ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. "கத்தரிப்பூ கலர்னு சொல்லு, அவனுக்குப் புரியும்" என்றேன்.

"கத்தரிப்பூவா! சாம்பார்ல போடுற சாமான் அண்ணி அது!"

பூவை யாரும் சாம்பாரில் போடுவதில்லை என்றேன். ஆனால் வீரமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, கத்தரிப்பூ கலரா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று நீலத்தையும் சிவப்பையும் சுண்ணாம்பில் கலக்கப் போய்விட்டான்.

பிப்ரவரி 17, ஞாயிறு

அடித்தாயிற்று. சோபாவுக்கும் சுவருக்கும் கல்யாணம் முடிந்தது, இனிமேல் சீர்வரிசை. பெரிய கடைவீதியில் ஒரு பீஸ் துணியை அப்படியே வாங்கி வந்திருக்கிறாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் தரைவரை திரை, அடியில் ஃபிரில். சோபா மெத்தைக்கு உறை, அதற்கும் ஃபிரில். மேஜை விரிப்பு, ரேடியோவுக்கு முக்காடு, தண்ணீர்க் கூஜாவுக்கு மணி கோத்த மூடி. தம்பியின் கைக்குட்டைகூட மாவ்.

மாடத்தில் இருக்கும் அந்தோனியார் சுரூபம் ஒன்றுதான் பழைய காவி அங்கியோடு நிற்கிறது. டோரதி அவரையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்மா, பாவம்" என்று தம்பி பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கல்யாணமாகி அவன் தைரியமாகச் செய்த முதல் காரியம்.

மார்ச் 6, புதன்

பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டது. நெற்றியில் சாம்பல் வாங்கப் போனோம். பாக்கியநாதன் சாமியார் தபசுக்கும் துக்கத்துக்குமான ஊதா உடுப்போடு பீடத்துக்கு வந்தார். "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது டோரதி என் காதருகில் குனிந்து, "நம்ம கலரு அண்ணி" என்றாள்.

மார்ச் 9, சனி

ஓட்டுப் போட்டு வந்தோம். விரலில் மை வைத்தார்கள். டோரதி வீட்டுக்கு வந்ததும் விரலைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் அடர்த்தியாம்.

மார்ச் 16, சனி

ஸ்ரீரங்கம் போய் வந்தேன். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ரங்கநாயகி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது காற்று நன்றாக இருந்தது. இத்தனை நாள் விறகோடு இருந்ததில் காற்று என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது.

எனக்குக் கூடத்தில் இலை போட்டாள். அவள் மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கூடத்தைத் தாண்டிவிடுவேனோ என்று. ரங்கநாயகிக்கு முகமெல்லாம் சங்கடம். "தப்பா எடுத்துக்காதேடி, பெரியவா இருக்கா" என்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. இவள் வீட்டில் கூடம், என் வீட்டில் விறகு அறை. நான் எந்த அறையில் இருக்கலாம் என்பதை எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

முன்னறைக் கதையெல்லாம் சொன்னேன். மோரை ஊற்றிவிட்டு, "வாயைத் திறந்து எனக்கு ரூம் வேணும்னு கேக்கறதுக்கென்ன?" என்றாள். மாட்டேன் என்றேன். "அப்போ துறையூருக்குப் போய்ச் சேர்" என்றாள். அவளுக்கு எல்லாம் கணக்கு, ஒரு விடைதான் வரும்.

மார்ச் 29, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் பூசைச் சாமான் வைக்கிற சக்கிரீஸ்து அறைப் பக்கம் ஒரே சத்தம். கோயில்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து பாஸ்கு வரை சுரூபங்களை மூடி வைக்க வேண்டிய ஊதாத் துணியெல்லாம் எலி கடித்துச் சல்லடையாகக் கிடந்தது. சாமியார் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.

"புதுத்துணி வாங்கப் பணம் ஏது? சுரூபங்களைத் திறந்தே விடவும் முடியாது" என்றார்.

நான் வாசலில் நின்றேன். என் வாய் தானாகத் திறந்ததா, நான் திறந்தேனா?

"எங்க வீட்ல ஊதாத் துணி நிறைய இருக்கு, சாமி. டோரதி புதுசா வாங்கி வச்சிருக்கா. கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டா. ரொம்பத் தாராள மனசு."

இதில் எந்த வார்த்தை பொய்? ஒன்றுகூட இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது.

மார்ச் 31, ஞாயிறு

சாமியாரே வந்துவிட்டார், கூடவே ஸ்தனிஸ்லாஸும் பங்குப் பெரியவர்கள் நாலு பேரும். டோரதி முக்காடு போட்டுக்கொண்டு, "தோத்திரம் சாமி" என்று ஓடி வந்தாள். டிராயிங் ரூமுக்கு வந்த முதல் விருந்தாளிகள். பூரித்துப்போனாள்.

சாமியார் திரையைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணி. உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா, டோரதி. செல்வமேரி சொன்னா."

டோரதி என்னைப் பார்த்தாள். நான் அந்தோனியாரைப் பார்த்தேன். விஷயம் புரிந்து அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்தனிஸ்லாஸ் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பெரியவர்கள் "ஆண்டவர் ஆசீர்வதிப்பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே மெத்தை உறைகளைக் கழற்றினார்கள். ரேடியோ முக்காடும் போயிற்று, சின்னச் சுரூபம் ஏதாவது இருக்கும் என்று. கூஜா மூடியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

டோரதி கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கோயிலுக்குள் நுழைந்ததும் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைக் கடிக்க வேண்டியிருந்தது. சூசையப்பருக்கு ஃபிரில். செபஸ்தியாருக்கு ஃபிரில். பீடத்தின் வலப்பக்கம் நிற்கிறவர் யார் என்றே தெரியவில்லை, தலையில் மெத்தை உறை, நாலு பக்கமும் கொசுவம். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. சாமியாருக்கு ஃபிரிலைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை போல, ரொம்ப உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார்.

டோரதி இரண்டு மணி நேரம் தலையை நிமிர்த்தவில்லை. பக்தி என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

ஓர் அம்மாள் முழங்காலிலேயே வந்து ஃபிரிலை உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள். டோரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 21, பாஸ்கு ஞாயிறு

திரைகள் இறங்கின. பூசை முடிவில் சாமியார், "இந்த வருஷம் மட்டுமல்ல, இனி வருகிற எல்லா வருஷத்துக்கும் இந்தத் துணிகளைக் கோயிலுக்கே காணிக்கையாகக் கொடுத்திருக்கும் நம் டோரதிக்கு" என்று ஆரம்பித்தார். தான் கொடுத்தது இரவல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மேனேஜர் நாளைக்கு வருகிறார். புதுத்துணி வாங்கக் கடை கிடையாது, தைக்க ஆள் கிடையாது.

ஏப்ரல் 22, திங்கள்

இதை விடாமல் எழுத வேண்டும்.

வெறும் ஊதாச் சுவர். நடுவில் உறையில்லாத சோபா. அறை மொட்டையாகத் தெரிகிறது என்று டோரதி கடைசி நேரத்தில் அப்பாவின் பெரிய போட்டோவைக் கூடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்தாள். என்னையும் தட்டு எடுத்துக் கொடுக்க முன்னறைக்குக் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் அம்மாள் உள்ளே வந்தாள், சுவரைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள். சட்டென்று குரலை இறக்கிக்கொண்டு, "பெரியவர் எப்ப தவறினாங்க?" என்றாள்.

தம்பி, "ஒன்பது வருஷம் ஆச்சுங்க" என்றான்.

"ஒன்பது வருஷமா! இன்னும் துக்கக் கலரைக்கூட எடுக்கலையா?" அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா, இப்படி ஒரு புள்ளை இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்கும்?" மேனேஜர் எழுந்து நின்று தம்பியின் தோளைத் தட்டினார். தம்பி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தான். அது அழுகை மாதிரியே இருந்தது. நால்வரும் கேக் சாப்பிட்டார்கள். யாரும் சத்தமாக மெல்லவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

டோரதி கதவருகில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "துக்க வீடு மாதிரி இருக்காம். அந்த ரூம்ல இனிமே நான் கால வைக்க மாட்டேன். நீங்களே வச்சுக்குங்க அண்ணி. அந்தச் சோபாவையும்."

சரி என்றேன். என் சொந்த அறை எனக்கு வேண்டாத சாமானாகத் திரும்பி வந்தது. ரோஷப்பட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷப்பட்டு உட்கார அந்தப் பின்னறை ரொம்ப இருட்டாக இருந்தது.

துறையூருக்கு வரவில்லை என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டேன்.

ரங்கநாயகியிடம் சொன்னதற்கு, "அவ உன் ரூமை எடுத்துண்டா, நீ அவ திரையை எடுத்துண்டே. சரியாப் போச்சு, மிச்சம் பூஜ்யம்" என்றாள்.

ஏப்ரல் 27, சனி

அப்பாவின் மேஜை ஜன்னலோரம் போட்டாயிற்று. சாயங்கால வெயில் சாய்வாக வந்து அந்தச் சுவரில் விழுந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 15, சனி

தம்பி ஹெட் கிளார்க். நல்ல பிள்ளை என்று மேனேஜரே சிபாரிசாம். கூடத்துக்குப் பிஸ்தா பச்சை அடிக்கப் போகிறாள் டோரதி. அந்த நிறத்துக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று என்னிடம் கேட்டாள். பிஸ்தா என்றேன்.

ஜூலை 3, புதன்

டோரதி உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். தலைவலியாம். நான் டியூஷன் பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

1958 டிசம்பர் 13, சனி

கிறிஸ்மஸ் வெள்ளையடிப்புக்கு வீரமலை வந்தான். கூடத்துக்கு இந்த வருஷம் எலுமிச்சை மஞ்சள். பிஸ்தா பச்சை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று டோரதி இப்போது சொல்கிறாள். நான் போன வருஷமே சொன்னேன்.

சாயங்காலம் வழக்கம்போலக் காபி டம்ளரோடு முன்னறைக்கு வந்து சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வராத நாள் இப்போது குறைவு. வீட்டில் வேறு எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஏதாவது கேட்கிறார்களாம், இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லையாம். பேச்சு வளரக் கூடாது என்று நான் சும்மா இருப்பதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துக்கொள்ளட்டும்.

வீரமலை வாசலில் நின்று, "முன்னறைக்கு என்ன கலரும்மா?" என்றான்.

"அதே கலர்தான்" என்றேன்.

"அதுக்கு ஏதோ பேரு சொன்னீங்களே, மறந்துபோச்சு."

டோரதி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"மாவு கலர்."

"அரிசி மாவா, கேழ்வரகு மாவா?"

டோரதிக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறியது. டம்ளர் சாய்ந்து சோபாவெல்லாம் காபி. இருவரும் சேர்ந்து துடைத்தோம். துடைக்கத் துடைக்க அந்த இடம் கேழ்வரகு நிறமாகிவிட்டது. அவள் அதைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். நானும்தான்.

உங்களைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று கேட்டவள் இவள்தான். கேட்டது அவளுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நாளைக்கும் வருவாள்.

அது மோவ் என்று இன்னும் சொல்லவில்லை.